தாத்தா பிரெஞ்சுக் குடிமகன். பேரனுக்குப் பாஸ்போர்ட் கிடைக்குமா?

புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை பற்றிப் பேச்செடுத்தால், "எங்கள் தாத்தாவும் பிரெஞ்சுக்காரர்தான்" என்று சொல்ல ஒருவராவது இருப்பார். பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும். 1962-க்கு முன் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகிய நான்கு பகுதிகளின் பூர்வீகக் குடும்பங்கள் சட்டத்தின் பார்வையில் பிரெஞ்சுக் குடிகள்தாம். ஆனால், அந்த உண்மையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பாஸ்போர்ட் கேட்டால் கிடைக்காது. ஏன் கிடைக்காது, யாருக்குக் கிடைக்கும், எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள் என்பதைத்தான் இந்தக் கட்டுரை விளக்குகிறது.

முதலில் அடிப்படை. ஒரு நாட்டின் குடியுரிமை பிறக்கும்போதே கிடைப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பிறந்த மண். அமெரிக்காவில் பிறந்த குழந்தை அமெரிக்கக் குடிமகன் என்பது இந்த வகை. மற்றொன்று, பெற்றோர். குழந்தை எங்கே பிறந்தாலும், அப்பாவோ அம்மாவோ அந்த நாட்டின் குடிமகனாக இருந்தால் குழந்தைக்கும் அந்தக் குடியுரிமை வந்துவிடும். இதை வம்சாவளிக் குடியுரிமை என்கிறோம். பிரான்ஸ் முதன்மையாக இந்த இரண்டாவது வழியைப் பின்பற்றும் நாடு. "பெற்றோரில் ஒருவராவது பிரெஞ்சுக்காரராக இருக்கும் குழந்தை பிரெஞ்சுக் குடிமகன்" என்பதுதான் அதன் உரிமையியல் சட்டத் தொகுப்பின் 18-ஆவது பிரிவு சொல்வதன் சாரம். தலைமுறை வரம்பு எதுவும் அதில் இல்லை.

வரம்பு இல்லை என்றதும் பலர் நேராகக் கொள்ளுத்தாத்தாவிடம் போய்விடுகிறார்கள். சட்டம் அப்படித் தாவுவதில்லை. அது ஒவ்வொரு தலைமுறையிலும் நின்று ஒரே கேள்வியைக் கேட்கிறது: இந்தக் குழந்தை பிறந்த நாளில் இதன் தந்தை அல்லது தாய் பிரெஞ்சுக் குடிமகனாக இருந்தாரா? நீங்கள் பிறந்த நாளில் உங்கள் அப்பா எந்த நாட்டவர்? அவர் எப்படி அந்த நாட்டவர் ஆனார்? அவர் பிறந்த நாளில் தாத்தா எந்த நாட்டவர்? நடுவில் யாராவது குடியுரிமையை இழந்தாரா? இது ஒரு சங்கிலி. நடுவில் ஒரு கண்ணி அறுந்திருந்தால், மேல்முனையில் இருப்பவர் பாரிஸ் நகரத்து மேயராகவே இருந்தாலும் கீழ்முனைக்குப் பயனில்லை.

புதுச்சேரிக் குடும்பங்களில் அந்தக் கண்ணி அறுந்ததா, அறாமல் தப்பித்ததா என்பதைத் தீர்மானிக்கும் நாள் ஒன்று இருக்கிறது: 1962 ஆகஸ்ட் 16.

ஒரு நாளும் ஆறு மாதங்களும்

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைவதை ஆதரித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. பள்ளிப் பாடம் பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடும். ஆனால், நிர்வாகம் மாறியதே தவிர, சட்டப்படி இறையாண்மை மாறவில்லை. அதற்கான ஒப்பந்தம் 1956 மே 28 அன்று டெல்லியில் கையெழுத்தானது. அதற்குப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் அளிக்க ஆண்டுகள் பல பிடித்தன. கடைசியில் 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் அது நடைமுறைக்கு வந்தது. அதுவரை, இந்திய அதிகாரிகள் ஆண்ட புதுச்சேரியில் வாழ்ந்துகொண்டே மக்கள் பிரெஞ்சுக் குடிமக்களாக இருந்தார்கள் என்பது வேடிக்கையான உண்மை. புதுச்சேரி அரசு ஆண்டுதோறும் அந்த ஆகஸ்ட் நாளைச் சட்டப்பூர்வ பரிமாற்ற நாளாகக் கொண்டாடுகிறது.

அந்த ஒப்பந்தத்தின் 4 முதல் 8 வரையிலான பிரிவுகள்தாம் நமக்கு முக்கியம். அவை மக்களைப் பிரித்துப் பார்த்த விதம் எளிமையானது: எங்கே பிறந்தார், அந்த நாளில் எங்கே குடியிருந்தார்.

நான்கு பகுதிகளில் ஏதேனும் ஒன்றில் பிறந்து, அந்த நாளில் அங்கேயே குடியிருந்தவர் தானாகவே இந்தியக் குடிமகன் ஆனார். அவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தாலே போதும். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைக்க விரும்பினால் மட்டும், ஆறு மாதங்களுக்குள் எழுத்துப்பூர்வமாக அறிவிக்க வேண்டும். அப்படி அறிவித்தவர் ஒருபோதும் இந்தியக் குடிமகனாகவே ஆகாதவர் என்று கருதப்படுவார். 1963 பிப்ரவரி நடுவோடு அந்தக் கதவு மூடிவிட்டது. பிறகு எத்தனை ஆண்டுகள் கழித்து மனம் மாறினாலும் அதைத் திறக்க வழியில்லை.

காரைக்காலில் பிறந்து, அந்த நாளில் நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ குடியிருந்தவருக்கும் இதே விதிதான். அவரும் இந்தியர் ஆனார். அவரும் ஆறு மாதங்களுக்குள் தேர்ந்தெடுத்திருக்கலாம்.

மூன்றாவது வகையினருக்கு எல்லாம் தலைகீழ். புதுச்சேரியில் பிறந்து, அந்த நாளில் வியட்நாமின் சைகோனிலோ ரெயூனியன் தீவிலோ பிரான்சிலோ குடியிருந்தவர், சும்மா இருந்தாலே பிரெஞ்சுக்காரராக நீடித்தார். இந்தியக் குடியுரிமை வேண்டுமானால்தான் அவர் அறிவிக்க வேண்டும். புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களிலிருந்து எத்தனையோ பேர் பிரெஞ்சு இந்தோசீனாவுக்கு எழுத்தர்களாகவும் அதிகாரிகளாகவும் சிப்பாய்களாகவும் போனவர்கள். இன்றைக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழ்க் குடும்பங்களில் கணிசமானவை இந்த வழியில் வந்தவை. அதனால், அண்ணன் ஊரிலேயே விவசாயம் பார்த்தார், தம்பி சைகோனில் வேலை பார்த்தார் என்றால், இருவரும் ஒரு விண்ணப்பமும் எழுதாமலேயே அண்ணன் இந்தியர் ஆனார், தம்பி பிரெஞ்சுக்காரராகவே நின்றார். அண்ணன் பேரன்களும் தம்பி பேரன்களும் இன்று திருமண வீட்டில் ஒரே பந்தியில் உட்கார்ந்து, "உனக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது?" என்று கேட்டுக்கொண்டால், விடை இதுதான்.

சந்திரநாகூரை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வங்காளத்தில் இருந்த அந்தப் பிரெஞ்சு ஊர் 1951-இல் கையெழுத்தான தனி ஒப்பந்தத்தின் மூலம் ஒப்படைக்கப்பட்டது. அதற்கான தேதிகள் வேறு.

பிள்ளைகள் யார் பக்கம்?

ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவில் பிள்ளைகளைப் பற்றிய பகுதியை நான் மிகவும் கவனித்துப் படிக்கச் சொல்வேன். இன்று அறுபது, எழுபது வயதைத் தாண்டி நிற்கும் பலரின் குடியுரிமை அதில்தான் அடங்கியிருக்கிறது. திருமணமாகாத, பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் குடியுரிமையைத் தந்தையின் அறிவிப்பே முடிவு செய்யும். தந்தை இறந்திருந்தால் மட்டும் தாய்; இருவருமே இல்லையென்றால் சட்டப்படியான பாதுகாவலர். பிள்ளைகளின் பெயர்கள் அந்த அறிவிப்பிலேயே எழுதப்பட வேண்டும். திருமணமான ஆண்பிள்ளை பதினாறு வயதைக் கடந்திருந்தால் தானே தேர்ந்தெடுக்கலாம். அதோடு, கணவனின் தேர்வு மனைவியின் குடியுரிமையைப் பாதிக்காது.

இந்தக் கடைசி வரியையும், தந்தையின் அறிவிப்பே முடிவு செய்யும் என்ற வரியையும் சேர்த்து வைத்தால் விசித்திரமான நிலைமைகள் பிறக்கும். கற்பனையாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன் அறிவிப்புக் கொடுக்கவில்லை, இந்தியர் ஆகிவிட்டார். மனைவி தனியாகக் கையெழுத்திட்டுப் பிரெஞ்சுக்காரராகத் தொடர்ந்தார். 1958-இல் பிறந்த மூத்த மகன் அப்பாவோடு சேர்ந்து இந்தியர். அம்மாவின் கையெழுத்து அவனுக்கு உதவவில்லை, ஏனென்றால் அப்பா உயிரோடு இருந்தார். 1964-இல் ஒரு மகள் பிறக்கிறாள். அவளுக்கு அந்த ஒப்பந்தத்தின் பிள்ளைகள் விதி பொருந்தாது. அவள் பிறந்ததே அதற்குப் பிறகுதான். அவளைப் பிரான்சின் பொதுவான குடியுரிமைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். அன்று நடைமுறையில் இருந்த 1945-ஆம் ஆண்டுச் சட்டம், பிரெஞ்சுத் தாய்க்கும் வெளிநாட்டுத் தந்தைக்கும் முறைப்படிப் பிறந்த குழந்தையைப் பிரெஞ்சுக் குடியாக ஏற்றது; பருவவயது நிறைவதற்கு முந்தைய ஆறு மாதங்களில் வேண்டாமென்று மறுக்கும் உரிமையை மட்டும் கொடுத்தது. ஆக, ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் இந்தியர், தங்கை பிரெஞ்சுக்காரர். அண்ணனின் பிள்ளைகள் எவ்வளவு வாதாடினாலும் பாட்டியின் பெயரைச் சொல்லி எதையும் பெற முடியாது. தங்கையின் பிள்ளைகள் பேசிப் பார்க்கலாம்.

அதனால்தான், உரிமை உண்டா இல்லையா என்று யாராவது கேட்டால், "எந்த ஆண்டு பிறந்தீர்கள்?" என்று திருப்பிக் கேட்பதுதான் அறிவார்ந்த செயல். குடியுரிமைச் சட்டங்கள் பெரும்பாலும் நீங்கள் விண்ணப்பிக்கும் நாளைப் பார்ப்பதில்லை. நீங்கள் பிறந்த நாளில் எந்தச் சட்டம் இருந்தது என்பதைத்தான் பார்க்கும். இந்தியச் சட்டமும் அப்படியே. வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு, 1992 டிசம்பர் 10-க்கு முன் தந்தை இந்தியராக இருந்தால்தான் வம்சாவளியாக இந்தியக் குடியுரிமை கிடைத்தது. அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குத் தாய் வழியாகவும் கிடைக்கிறது. 2004 டிசம்பர் 3-க்குப் பின் பிறந்தவர்களுக்கு இந்தியத் தூதரகத்தில் பதிவும் செய்தாக வேண்டும்.

பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள்

பரவலான ஒரு தவறான எண்ணத்தை இங்கே ஒதுக்கிவிடலாம். புதுச்சேரியில் சில தமிழ்க் குடும்பங்களுக்குப் பிரெஞ்சுக் குடும்பப் பெயர்கள் உண்டு. 1881 செப்டம்பர் 21-ஆம் தேதியிட்ட ஆணை, உள்ளூர் மக்கள் தங்கள் சாதி, மதவழிச் சட்ட நிலையைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வர வழி செய்தது. அப்படித் துறந்தவர்கள் குடும்பப் பெயர் ஒன்றையும் ஏற்றுக்கொண்டார்கள். "எங்கள் முன்னோர் அப்போதே துறந்து எழுதிக் கொடுத்தவர், ஆகவே நாங்கள் பிரெஞ்சுக்காரர்கள்" என்று அந்தக் குடும்பங்களில் சிலர் நம்புகிறார்கள். அந்தத் துறவு திருமணம், வாரிசுரிமை போன்றவற்றுக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்பதைத்தான் மாற்றியது. 1962-இல் ஊரில் பிறந்து ஊரிலேயே இருந்தவர், துறந்தவரின் பேரனாக இருந்தாலும் ஆறு மாதங்களுக்குள் கையெழுத்திட்டாக வேண்டும். இடவில்லையென்றால், அவர் பெயர் எவ்வளவு பிரெஞ்சாக ஒலித்தாலும் அவர் இந்தியர்.

இதற்கு நேர்மாறாக, சிலர் உரிமை இருந்தும் தெரியாமல் இருக்கிறார்கள். தாத்தா சைகோனிலேயே பிறந்தவர் என்றால் கவனியுங்கள். ஒப்பந்தத்தின் தானாக மாறும் விதிகள் அந்த நான்கு பகுதிகளில் பிறந்தவர்களைப் பற்றித்தான் பேசுகின்றன. வேறிடத்தில் பிறந்தவரை அதே அளவுகோலால் அளக்க முடியாது. அப்படிப்பட்ட குடும்பங்கள் தங்கள் வழக்கைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அரை நூற்றாண்டுத் தடை

சங்கிலி அறாமல் வந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். தாத்தா கையெழுத்திட்டார், அப்பாவின் பெயரும் அந்த அறிவிப்பில் இருக்கிறது, நீங்கள் அப்பாவுக்குப் பிறந்தவர். அப்போதும் ஒரு தடை வரலாம். வழிகாட்டி எழுதும் பலர் இதைச் சொல்லாமல் விட்டுவிடுவது எனக்குப் பெரிய குறையாகத் தோன்றுகிறது.

பிரெஞ்சுச் சட்டத் தொகுப்பின் 30-3-ஆவது பிரிவு சொல்வது இது: முன்னோர் அரை நூற்றாண்டுக்கு மேல் வெளிநாட்டிலேயே நிலைத்துவிட்டார்கள், நீங்களும் வெளிநாட்டில்தான் வாழ்கிறீர்கள், உங்களுக்கோ, குடியுரிமையை உங்களுக்குக் கொடுத்திருக்கக்கூடிய பெற்றோருக்கோ பிரெஞ்சுக் குடிமகனாக நடத்தப்பட்ட வரலாறே இல்லை. இப்படியானால், வம்சாவளியாகப் பிரெஞ்சுக்காரர் என்று நிரூபிக்க உங்களுக்கு அனுமதியே கிடையாது. கவனியுங்கள்: ஆதாரம் போதாது என்று நிராகரிப்பதல்ல இது. ஆதாரத்தைக் காட்டவே விடமாட்டார்கள்.

புதுச்சேரியைப் பொறுத்தவரை பிரெஞ்சு நீதிமன்றங்கள் அந்த ஐம்பது ஆண்டுகளை 1962 ஆகஸ்ட் 16-இலிருந்து எண்ணுகின்றன. அதற்கு முன் அது பிரெஞ்சு மண். அங்கே இருந்தது வெளிநாட்டில் இருந்ததாகாது. எண்ணிப் பார்த்தால் 2012 ஆகஸ்ட் 16 வருகிறது. அந்தக் கெடு முடிந்த பிறகு முதன்முறையாகக் கதவைத் தட்டுபவர்களுக்குச் சிரமம் பல மடங்கு.

குடிமகனாக நடத்தப்பட்ட வரலாறு என்றால் என்ன? பிரெஞ்சுப் பாஸ்போர்ட், அடையாள அட்டை, துணைத் தூதரகத்தில் பதிவு, வாக்காளர் அட்டை, இராணுவப் பணி ஆகியவை. புதுச்சேரியில் சொல்தாக்கள் என்று அழைக்கப்படும் ஓய்வுபெற்ற பிரெஞ்சு இராணுவத்தினரின் குடும்பங்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. அப்பா பிரெஞ்சு இராணுவத்தில் இருந்தார், ஓய்வூதியம் வாங்குகிறார், துணைத் தூதரகத்தில் வாக்களிக்கிறார் என்றால் வரலாறு அங்கேயே இருக்கிறது. தாத்தா கையெழுத்திட்டுவிட்டுப் பெட்டியில் பூட்டி வைத்தார், அப்பா இந்தியப் பாஸ்போர்ட்டில் துபாய் போய் வந்தார், பேரன் இணையத்தில் படித்துவிட்டு இப்போது தொடங்குகிறார் என்றால், அந்தப் பேரனுக்குத்தான் இந்தப் பிரிவு எழுதப்பட்டிருக்கிறது.

வம்சாவளிக் கொள்கை கொண்ட நாடுகள் பலவும் ஏதோ ஒரு வகையில் இப்படி வரம்பு வைக்கின்றன. பிரிட்டன் பொதுவாக வெளிநாட்டில் பிறந்த ஒரு தலைமுறையோடு நிறுத்திவிடும். தலைமுறை வரம்பே இல்லாமல் தாராளமாக இருந்த இத்தாலி, 2025 மார்ச் மாதம் அவசர ஆணை ஒன்றின் மூலம் பெற்றோர், தாத்தா பாட்டி அளவில் சுருக்கிக்கொண்டது.

காகிதம்

உரிமை உண்டு என்பது ஒன்று. அதைக் காட்டுவது வேறு. பிரான்சில் பாஸ்போர்ட் என்பது பயண ஆவணம். குடியுரிமைக்கான முழுமையான சான்று, நீதிமன்றம் வழங்கும் குடியுரிமைச் சான்றிதழ். வெளிநாட்டில் வாழ்பவர்கள் அதற்குப் பாரிஸ் நீதிமன்றத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகம் பாஸ்போர்ட், பதிவு போன்றவற்றைப் பார்க்கும். குடியுரிமையே சந்தேகத்தில் இருந்தால் உங்களை அந்தச் சான்றிதழுக்கு அனுப்பிவிடும். நிரூபிக்கும் பொறுப்பு முழுவதும் விண்ணப்பிப்பவருடையது.

தேவைப்படும் காகிதங்கள் சங்கிலியின் அமைப்பை அப்படியே பின்பற்றும்: ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்புச் சான்று, திருமணச் சான்று, 1962-63 அறிவிப்பின் நகல் அல்லது தாத்தா அந்த நாளில் வெளிநாட்டில் குடியிருந்ததற்கான ஆதாரம், பிறகு குடிமகனாக நடத்தப்பட்டதற்கான சான்றுகள். கேட்பதற்கு எளிது. நம் வீடுகளில் இதைத் தேடும்போதுதான் தெரியும். பிறப்புச் சான்றில் ஒரு பெயர், பள்ளியில் வேறு பெயர், திருமணப் பத்திரத்தில் தலைப்பெழுத்தோடு மூன்றாவது பெயர். பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் ஒரு பதிவு, ஆங்கில எழுத்துக்கூட்டலில் மற்றொன்று. புதுச்சேரி, காரைக்கால் கொம்யூன்களில் (நகராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்புகளில்) பிரெஞ்சுக் காலப் பதிவேடுகள் ஒழுங்காக இருந்தன. அது ஒரு வசதி. தாத்தா மணமுடித்துக் கடலூர்ப் பக்கமோ திருவாரூர்ப் பக்கமோ குடியேறியிருந்தால், அங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்பு பதிவாகாமலே போயிருக்கலாம். ஓராண்டுக்கு மேல் தாமதமான பிறப்பை இந்தியாவில் மாவட்ட நடுவர் போன்ற நிர்வாக அதிகாரியின் உத்தரவோடுதான் பதிவு செய்ய முடியும். அப்படித் தாமதமாக எழுதப்பட்ட சான்றைப் பிரெஞ்சு அதிகாரிகள் சந்தேகக் கண்ணோடு பார்ப்பார்கள். பெற்றோர் உறவு பிள்ளையின் பருவவயதுக்கு முன்பே சட்டப்படி நிறுவப்பட்டிருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. நாற்பது வயதில் நீதிமன்றம் போய் "இவர்தான் என் அப்பா" என்று தீர்ப்பு வாங்கினால் குடியுரிமைக்கு அது உதவாது.

முன்னோரின் பிறப்புக் காகிதத்தைக் கேட்பது எவ்வளவு கொடுமையான ஆயுதமாகவும் ஆகலாம் என்பதற்கு நமக்கு அருகிலேயே சான்று இருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தீவில் பிறந்திருந்தால் மட்டும் போதாது, தந்தையும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்றது. தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்த தந்தைக்குப் பிறப்புச் சான்று எங்கிருந்து வரும்? இலட்சக்கணக்கான மலையகத் தமிழர்கள் நாடற்றவர்களானார்கள். மிச்சமிருந்தோருக்குக் குடியுரிமை கொடுத்த சட்டம் வர 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

புதுச்சேரி விஷயத்தில் காகிதத் தட்டுப்பாடு தரகர்களுக்கு நல்ல தொழிலாகிவிட்டது. இல்லாத அறிவிப்பை உருவாக்கித் தருகிறேன், பெயரைச் சேர்த்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், பணம் போவது சிறிய இழப்பு. போலி ஆவணம் ஒன்று பிடிபட்டால் கோப்பில் உள்ள உண்மையான ஆவணங்களையும் யாரும் நம்பமாட்டார்கள்.

இன்னும் ஒரு விஷயம், அதுவும் இந்தியப் பக்கத்தில். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வேறொரு நாட்டின் பாஸ்போர்ட்டைப் பெறுவதே அந்நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்றதற்குத் தீர்க்கமான சான்று என்று இந்தியக் குடியுரிமை விதிகள் கருதுகின்றன. பிரெஞ்சுப் பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும்; இரண்டையும் வைத்துக்கொண்டு விமான நிலையத்தில் மாற்றி மாற்றி நீட்டுவது குற்றம். ஊரோடு தொடர்பு வைத்துக்கொள்ள, 2005 முதல் வழங்கப்படும் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அதை வைத்து விசா இல்லாமல் வந்து போகலாம், வீடு வாங்கலாம். வாக்களிக்க முடியாது, விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், பிறப்புச் சான்றுகளைத் திரட்டுவதற்கு முன்பே தாத்தாவைப் பற்றி மூன்று விவரங்களைக் கண்டுபிடியுங்கள்: எந்த ஊரில் பிறந்தார், 1962 ஆகஸ்ட் 16 அன்று எங்கே குடியிருந்தார், அடுத்த ஆறு மாதங்களில் கையெழுத்திட்டாரா. ஊரிலேயே பிறந்தார், ஊரிலேயே இருந்தார், கையெழுத்திடவில்லை என்று வீட்டுப் பெரியவர்கள் உறுதியாகச் சொன்னால், பாட்டியோ தாய்வழித் தாத்தாவோ கையெழுத்திட்டார்களா, அந்த நாளில் வெளிநாட்டில் குடியிருந்தார்களா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் மேற்கொண்டு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம்.